சோற்றுத் தூக்கில் வந்த செம்பு!

செம்பு எங்கே கிடைக்கிறது?

"பாத்திரக் கடையில்!" என்று சிறுவர்கள் சொல்லுவார்கள். "பூமிக்குள்!" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள்.

பெரியவர்கள் சொல்லுவது சரிதான். ஆனால் அதிலும் ஒரு திருத்தம் உண்டு. பூமிக்குள் இருப்பது பெரும்பாலும் செம்பு அல்ல. செம்பு கலந்த கல். அதற்குத் தாது என்று பெயர். நம் நாட்டில் ராஜஸ்தான் மாநிலத்தில் உள்ள கேத்ரி சுரங்கத்துத் தாதுவும் இப்படிப்பட்டதுதான். அதை இடித்து, பொடியாக்கி, உலையில் போட்டு உருக்க வேண்டும். அதன் பிறகுதான் செம்பு தன் சிவந்த முகத்தைக் காட்டும்.

அப்படியானால், செம்பு செம்பாகவே கிடைக்காதா? தோண்டி எடுத்தவுடனே, "இது செம்பு" என்று குழந்தைகூடச் சொல்லும்படி கிடைக்காதா?

கிடைக்கும்! அப்படி ஏராளமாகக் கிடைத்த இடம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பூமிக்குள்ளிருந்து செம்பு இலையாக வந்தது, கிளையாக வந்தது, யானையைவிடப் பெரிய பாளமாகவும் வந்தது.

வந்ததில் மிகப் பெரும் பகுதி உலைக்குள் போய் உருகிவிட்டது. ஒரு சிறு பகுதி மட்டும் தப்பியது. அதைத் தப்ப வைத்தவர்களில் மிகப் பலர், நாள் கூலிக்கு உழைத்த சுரங்கத் தொழிலாளிகள்!

அவர்களில் பெரும்பாலோரின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் கொண்டுவந்த செம்பு மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னுகிறது. இது நியாயமா? இதுதான் இன்று நாம் கேட்கும் கேள்வி.

ஏரிக்குள் நீண்ட நிலம்

வட அமெரிக்காவில் சுபீரியர் என்று ஓர் ஏரி இருக்கிறது. உலகத்தில் உள்ள நன்னீர் ஏரிகளில், பரப்பளவில் இதுவே பெரியது. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. புயல் அடித்தால் கப்பலே கவிழும்.

இந்த ஏரியின் தென்கரையிலிருந்து ஒரு நிலப்பகுதி, விரலை நீட்டியதுபோல் நீருக்குள் நீண்டிருக்கிறது. அதன் பெயர் கீவினா. அது மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தது.

சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பக்கத்தில் பூமி பிளந்தது. பிளவு வழியாக நெருப்புக் குழம்பு பொங்கி வந்தது. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் பரவி, ஆறிப் பாறையாயிற்று.

ஆப்பம் வேகும்போது கண் கண்ணாகத் துளை விழுகிறதல்லவா? அதுபோல, ஆறிய பாறையிலும் எண்ணற்ற துளைகள் விழுந்தன. வெடிப்புகளும் உண்டாயின. பிறகு ஆழத்திலிருந்து வெந்நீர் மேலே ஏறி வந்தது. அந்த நீரில் செம்பு கரைந்திருந்தது. துளைகளிலும் வெடிப்புகளிலும் அது தங்கியது.

செம்போடு கந்தகம் சேர்ந்தால் அது வேறு தாதுவாக மாறும். இங்கே கந்தகம் மிகவும் குறைவு. ஆகவே செம்பு செம்பாகவே நின்றுவிட்டது!

எத்தனை உருவம்!

தண்ணீருக்குத் தனி உருவம் இல்லை. ஊற்றும் பாத்திரத்தின் உருவம்தான். கீவினாச் செம்பும் ஏறக்குறைய அப்படித்தான்.

மெல்லிய வெடிப்பில் தங்கிய செம்பு, காகிதம்போல் தகடாயிற்று. சிறு துளையில் தங்கியது மணியாயிற்று. தடையில்லாத வெற்றிடம் கிடைத்த இடத்தில் அது தன் சொந்த அழகைக் காட்டியது. பட்டை தீட்டியதுபோன்ற படிகங்களாக வளர்ந்தது. செடிபோல் கிளைவிட்டுப் படர்ந்தது.

கண்ணாடிபோன்ற சுண்ணாம்புப் படிகத்துக்குள் செம்பு அகப்பட்டுக்கொண்டதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே சிவப்பு மின்னும். சில கட்டிகளில் செம்பும் வெள்ளியும் பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்றோடொன்று கலக்காமல், பாதி சிவப்பு, பாதி வெண்மை!

இவை எல்லாம் மனிதன் கை படாமல் உண்டானவை. எந்தத் தட்டானும் செய்யவில்லை. எந்த அச்சிலும் வார்க்கவில்லை.

முதலில் கண்டவர்கள்

இந்தச் செம்பை முதலில் கண்டுபிடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

7,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள பழங்குடி மக்கள் இதை எடுத்து வேலை செய்திருக்கிறார்கள். உருண்டைக் கல்லையே சம்மட்டியாகக் கொண்டு பாறையை உடைத்தார்கள். செம்பைச் சூடாக்கித் தட்டி, ஈட்டி முனையும், கத்தியும், ஊசியும், மணியும் செய்தார்கள். ஏரிக்குள் உள்ள ராயல் தீவில் அவர்கள் தோண்டிய குழிகளை இன்றும் காணலாம்.

ஆண்டனாகன் என்ற ஆற்றின் கரையில் ஒரு பெரிய செம்புப் பாறை கிடந்தது. அதன் எடை சுமார் 1,680 கிலோ. ஓஜிப்வே என்னும் பழங்குடி மக்கள் அதைப் புனிதமாகக் கருதி வந்தார்கள்.

ஜூலியஸ் எல்ட்ரெட் என்ற வியாபாரி அதன்மேல் கண் வைத்தார். ஓஜிப்வே மக்களுக்கு ஒரு சொற்பத் தொகையைக் கொடுத்தார். 1843-ம் ஆண்டு, காட்டுக்குள் தண்டவாளம் போட்டு அதை இழுத்துச் சென்றார். டெட்ராய்ட் நகரில் காட்சிக்கு வைத்து, ஆளுக்கு 25 சென்ட் வசூலித்தார்.

அரசாங்கம் சும்மா இருக்குமா? "பாறை எங்களுடையது" என்று எடுத்துக்கொண்டது. ஆயினும் எல்ட்ரெட் பட்ட சிரமத்துக்காக 5,600 டாலருக்கு மேல் ஈடு கொடுத்தது. இன்று அந்தப் பாறை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காட்சி சாலையில் இருக்கிறது.

வியாபாரிக்குப் பணம் கிடைத்தது. அரசாங்கத்துக்குப் பாறை கிடைத்தது. பரம்பரை பரம்பரையாக அதைப் போற்றியவர்களுக்கு என்ன கிடைத்தது? பிற்காலத்தில் அவர்களுடைய சந்ததியார் பாறையைத் திருப்பிக் கேட்டார்கள். அது திரும்பவில்லை.

உளியும் சம்மட்டியும்

1841-ம் ஆண்டு டக்ளஸ் ஹௌட்டன் என்ற நில ஆராய்ச்சியாளர், கீவினாவில் செம்பு இருப்பதைப் பற்றி அறிக்கை கொடுத்தார். மறு ஆண்டே ஓர் ஒப்பந்தத்தின் மூலம் ஓஜிப்வே மக்களிடமிருந்து அந்த நிலம் அமெரிக்க அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1843 முதல் கூட்டம் கூட்டமாக ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்.

அறிக்கை கொடுத்த ஹௌட்டன், 1845-ம் ஆண்டு சுபீரியர் ஏரியில் படகு கவிழ்ந்து இறந்தார். ஆனால் அவர் மூட்டிய செம்பு ஆசை அடங்கவில்லை. பல கம்பெனிகள் தோன்றின. குவின்சி கம்பெனியின் ஒரு சுரங்கம், சாய்வாக அளந்தால் 9,200 அடிக்கு மேல் பூமிக்குள் இறங்கியது!

செம்பு மிகுதியாக இருந்தால் சுரங்கக்காரனுக்குச் சந்தோஷம்தானே என்று கேட்கலாம். அங்கேதான் ஒரு சங்கடம்.

பாறையை வெடி வைத்து உடைக்கலாம். செம்பை உடைக்க முடியாது. அது வளையுமே தவிரச் சிதறாது. மின்னசோட்டா என்ற சுரங்கத்தில் சுமார் 500 டன் எடையுள்ள ஒரே பாளம் அகப்பட்டது. சுற்றியுள்ள பாறையை வெடி வைத்து அகற்றினார்கள். ஆனால் பாளத்தை எப்படி மேலே ஏற்றுவது?

உளிதான் வழி! ஒருவர் உளியைப் பிடித்துக்கொள்வார். இருவர் மாறி மாறிச் சம்மட்டியால் அடிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சீவல் சுருண்டு வரும். இப்படிச் சீவிச் சீவி, ஓர் அங்குல அகலத்துக்கும் குறைவான பள்ளம் வெட்டி, பாளத்தைத் துண்டு போட வேண்டும். ஒரு பெரிய பாளத்தை வெட்டி முடிக்க மாதக் கணக்கில் ஆகும்.

இதெல்லாம் எந்த வெளிச்சத்தில்? ஆரம்ப நாட்களில், தொப்பியில் களிமண்ணால் ஒட்டிய ஒரு மெழுகுவத்தியின் வெளிச்சத்தில்!

இந்த வேலைக்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து அனுபவசாலிகள் வந்தார்கள். பிறகு பின்லாந்துக்காரர்கள், இத்தாலியர்கள், குரோவேஷியர்கள் என்று பல நாட்டவர்கள் வந்தார்கள். பாஷை தெரியாதவர்களுக்குப் பெரும்பாலும் பளுவான வேலை கிடைத்தது. கல் நிரம்பிய தள்ளுவண்டியை இருட்டில் தள்ளும் வேலை அது.

தூக்குக்குள் என்ன?

காலையில் வேலைக்குப் போகும் தொழிலாளியின் கையில் ஒரு தகரத் தூக்கு இருக்கும். அடுக்குத் தூக்கு. அடியில் தேநீர். மேலே, மாமிசமும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட 'பாஸ்டி' என்ற பலகாரம். மனைவியோ தாயோ கட்டிக் கொடுத்தது.

மாலையில் திரும்பும்போது தூக்கு காலியாகத்தானே இருக்க வேண்டும்? சில நாட்களில் காலியாக இருக்காது!

வெடி வைத்த பாறையில் எங்காவது ஒரு துளை திறக்கும். மெழுகுவத்தியைக் கிட்டே கொண்டுபோனால், உள்ளே ஒரு சிறு செம்புச் செடி நிற்கும். இலையும் கிளையுமாக, நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணும் படாமல் நின்ற செடி!

தொழிலாளி ஒரு கணம் யோசிப்பான். வண்டியில் போட்டால் அது கல்லோடு கல்லாக ஆலைக்குப் போகும். அங்கே இரும்பு உலக்கைகள் இடித்து நொறுக்கும். பிறகு உலை. மறுநாள் அது செம்புக் கட்டியில் ஒரு துளி.

அவன் அதைத் துணியில் சுற்றித் தூக்குக்குள் வைத்துக்கொள்வான்.

அமெரிக்காவில் கல் சேகரிப்பவர்கள் இப்படி வந்த செம்பைச் 'சோற்றுத் தூக்குச் செம்பு' என்றே அழைக்கிறார்கள். சில துண்டுகள் வீட்டு ஜன்னலில் அலங்காரமாக நின்றன. சில சேகரிப்பவர்களுக்கு விலையாயின. சில மதுக்கடையில் ஒரு கோப்பை மதுவுக்கு மாறின. அந்தத் தொழிலாளிகள் எல்லோரும் கலைப் பித்தர்கள் என்று நாம் சொல்லவில்லை. வயிற்றுப்பாடும் இருந்தது, ஆசையும் இருந்தது.

திருட்டா, காப்பா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும்.

"நிலம் கம்பெனியுடையது. முதல் கம்பெனியுடையது. தொழிலாளிக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது. செம்பை எடுத்துச் சென்றால் அது திருட்டு அல்லவா?"

கம்பெனிகளும் அப்படித்தான் சொல்லின. இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆளுக்கு ஒரு கட்டி எடுத்துச் சென்றால் எந்தத் தொழிலும் நடக்காது. பிறர் பொருளைக் கேளாமல் எடுப்பது தவறு என்றுதான் நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம்.

ஆனால் மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

உலையைப் பொறுத்தவரை செம்புச் செடியும் செம்புக் கட்டியும் ஒன்றுதான். இரண்டுக்கும் எடைதான் விலை. தூக்கில் வந்த துண்டின் எடை மிகச் சிறிது. அதை உருக்கியிருந்தால் கிடைத்திருப்பது சில காசுகள். ஆனால் அந்த உருவம் அழிந்தால், எத்தனை கோடி கொடுத்தாலும் மறுபடி கிடைக்காது.

தராசு வைத்திருந்தவனுக்கு அழகு தேவைப்படவில்லை. அழகைக் கண்டவனிடம் தராசு இல்லை!

இன்னொன்று. சுரங்க அதிகாரிகளும் இத்தகைய துண்டுகளைச் சேர்த்தார்கள். அவர்கள் மேஜைமேல் இருந்தால் அதற்குச் 'சேகரிப்பு' என்று பெயர். தொழிலாளியின் தூக்கில் இருந்தால் 'திருட்டு' என்று பெயர். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் ஏன் வந்தது? வைத்திருந்த ஆளைப் பார்த்துத்தானே!

அவர்கள் கொடுத்த விலை

தொழிலாளிகள் அந்தச் செம்புக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. உயிரையே கொடுத்தார்கள்.

1895-ம் ஆண்டு செப்டம்பரில் ஆசியோலா சுரங்கத்தில் தீப் பிடித்தது. புகையில் சிக்கி 30 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. கல் சரிந்தும், வெடி தவறியும் ஒருவர் இருவராக இறந்தவர்கள் பலர்.

பின்னர் ஒரு புதுத் துளை யந்திரம் வந்தது. முன்பு இருவர் சேர்ந்து செய்த வேலையை, அதைக்கொண்டு ஒருவரே செய்ய வேண்டும். இருட்டில் தனியாக இருப்பவன்மேல் கல் விழுந்தால் கூப்பிடக் கேட்பார் யார்? தொழிலாளிகள் அதற்கு 'விதவையாக்கும் யந்திரம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலேயே அவர்களுடைய மனைவிமாரின் பயம் தெரிகிறது.

1913-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி வேலை நிறுத்தம் தொடங்கியது. "எட்டு மணி நேர வேலை வேண்டும். குறைந்தது 3 டாலர் தினக்கூலி வேண்டும். அந்த யந்திரம் வேண்டாம். சங்கத்தை ஏற்க வேண்டும்." இவையே கோரிக்கைகள்.

அந்த ஆண்டு கிறிஸ்துமசுக்கு முதல் நாள், காலுமெட் ஊரில் இத்தாலியர் மண்டபத்தில், தொழிலாளிகளின் குழந்தைகளுக்கு விருந்து நடந்தது. மாடியில் கூட்டம் நெரிந்தது. திடீரென்று "தீ! தீ!" என்று யாரோ கூவினார்கள். எல்லோரும் மாடிப்படியை நோக்கி ஓடினார்கள். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, மூச்சுத் திணறி, 73 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள்!

உண்மையில் அங்கே தீயே இல்லை. கூவியது யார் என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை.

1914-ம் ஆண்டு ஏப்ரலில் வேலை நிறுத்தம் முடிந்தது. சங்கத்தைக் கம்பெனிகள் ஏற்கவில்லை. யந்திரமும் போகவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால்

இன்று அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. குவின்சி 1945-ல் நின்றது. பெரிய கம்பெனியான காலுமெட் - ஹெக்லா, 1968-ல் தொடங்கிய வேலை நிறுத்தத்தோடு முடிவுக்கு வந்தது. அதுவரை கீவினா கொடுத்த செம்பு சுமார் 50 லட்சம் டன். அது கம்பியாகவும், பாத்திரமாகவும், காசாகவும் உலகமெங்கும் போய்விட்டது.

உருகாமல் மிஞ்சியவற்றைக் காண வேண்டுமானால் ஹௌட்டன் என்ற ஊருக்குப் போக வேண்டும். ஏரியில் இறந்த அந்த ஆராய்ச்சியாளரின் பெயரைக் கொண்ட ஊர்தான். அங்கே பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த சீமன் கனிமக் காட்சி சாலை இருக்கிறது. 1902-ல் தொடங்கியது. ஏரியின் அடியில் கிடந்து, 2001-ல் தூக்கி எடுக்கப்பட்ட 17 டன்னுக்கு மேற்பட்ட செம்புப் பாளமும் அங்கே இருக்கிறது. சுரங்க அதிகாரியாக இருந்த ஜான் ரீடர் என்பவரின் புகழ்பெற்ற சேகரிப்பும் அங்கேதான். அவர் பெயர் நிலைத்திருப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. சேர்த்தவருக்கும், பாதுகாத்தவருக்கும், கொடுத்தவருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் எந்தக் காட்சி சாலையிலும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிய சீட்டைப் படித்துப் பாருங்கள். பொருளின் பெயர் இருக்கும். கிடைத்த இடம் இருக்கும். கொடுத்தவர் பெயர் இருக்கும். பாறைத் துளைக்குள் கை விட்டு, கிளை முறியாமல் அதை எடுத்தவன் பெயர் பெரும்பாலும் இருக்காது.

இனிமேல் அவன் பெயரைக் கண்டுபிடிக்க முடியாதுதான். பயந்து பயந்து எடுத்து வந்தவன் பெயரை எங்கே எழுதி வைத்திருப்பான்? ஆனால் ஒரு வரி எழுதலாமே! "இதை வெளியே கொண்டுவந்தவர் ஒரு சுரங்கத் தொழிலாளி. பெயர் தெரியவில்லை." இவ்வளவு போதும். செம்பைப் போற்றி வந்த ஓஜிப்வே மக்களுக்கும் அப்படியே ஒரு வரி சேர்க்கலாம்.

இதற்குப் பணச் செலவு இல்லை. மனம்தான் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. குழந்தைகளைக் காட்சி சாலைக்கு அழைத்துச் செல்லுகிறீர்கள். "இது என்ன?" என்று குழந்தை கேட்கும். சொல்லுங்கள். "இது எந்த ஊர்?" என்று கேட்கும். அதையும் சொல்லுங்கள். அதோடு, குழந்தை கேட்காத கேள்வி ஒன்றை நீங்களே கேளுங்கள்.

"இதை முதலில் கையில் எடுத்தது யார்?"